அந்தச் சின்னத்தில் இருப்பது ஓலைச்சுவடி

போன வாரம் அக்கா மகளுக்குப் பட்டமளிப்பு விழா. கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்துத் துங்கு சான்சலர் மண்டபத்துக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். உள்ளே இரண்டு பேருக்குத்தான் இடம். அக்காவும் அத்தானும் போய்விட்டார்கள். நானும் அப்பாவும் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அப்பாவுக்கு 79 வயது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். பேத்தி பட்டம் வாங்குகிற நாளில் வீட்டில் இருக்க மாட்டேன் என்று விடியற்காலையிலேயே வேட்டி கட்டிக்கொண்டு தயாராகிவிட்டார்.

விழா முடிந்ததும் பிள்ளை அங்கியும் தொப்பியுமாக ஓடிவந்து, பட்டத்தின் உறையைத் தாத்தா கையில் கொடுத்தாள். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பட்டத்தை அப்புறம் பார்க்கலாம் என்பதுபோல, மேலட்டையில் அச்சடித்திருந்த பல்கலைக்கழகச் சின்னத்தை விரலால் தடவியபடி இருந்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஏம்மா, இது ஏடு மாதிரி இருக்கே? ஆயா பெட்டியில இருந்த ஜாதக ஓலை மாதிரி கயிறு போட்டுக் கட்டியிருக்கு?"

நான் அதே பல்கலைக்கழகத்தில் படித்தவள். என் பட்டம் இருபது வருடத்துக்கு மேலாக எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. அந்தச் சின்னத்தின் கீழ்தான் தினமும் உட்கார்ந்து பசியாறுகிறேன். அது ஏடா, துணியா, காகிதமா என்று ஒருநாளும் நான் நின்று பார்த்ததில்லை. அக்கா மகளுக்கும் தெரியவில்லை. அவளோடு வந்திருந்த கிளந்தான் மாநிலத்துத் தோழிதான் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இது டாவுன் லொந்தார், பாக்சிக்." லொந்தார் ஓலை, மாமா என்று பொருள். மலாய்க்காரர்களும் ஜாவா, பாலி மக்களும் எழுதப் பயன்படுத்திய பனையோலைக்கு அதுதான் பெயர். அப்பா சொன்னது சரி. அது ஏடுதான்.

அன்றிலிருந்து இதை எழுத வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது.

முதலில் சின்னத்தைச் சொல்லிவிடுகிறேன். கேடய வடிவம். மேல்பகுதியில் கயிறு போட்டுக் கட்டிய ஓலை ஏடு. அதன்மேல், மலாய் மொழியை அரபு எழுத்து வடிவில் எழுதும் ஜாவி எழுத்தில் பல்கலைக்கழகத்தின் முழக்கம், 'இல்மு புன்ச்சா கெமாஜுவான்'. அறிவே முன்னேற்றத்தின் ஊற்று என்று நம் மொழியில் சொல்லலாம். ஏட்டின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு செம்பருத்தி. நாட்டின் தேசிய மலரான புங்கா ராயா. கீழே ஒன்றோடொன்று கோத்த மூன்று வளையங்கள். அதற்கும் கீழே மலாயாப் புலி.

மூன்று வளையங்கள் மலாய்க்காரர், சீனர், இந்தியர். இது நானாகச் சொல்லும் விளக்கமல்ல. பல்கலைக்கழகமே தன் சின்னத்துக்குக் கொடுத்திருக்கும் பொருள் அது. ஒரு வளையத்தை எடுத்தால் மற்ற இரண்டும் அந்த வடிவத்தில் நிற்காது. அப்படித்தான் வரைந்திருக்கிறார்கள்.

நம் ஆட்கள் பேச்சுவாக்கில் "அது மலாய்க்காரங்க யுனிவர்சிட்டி" என்று சொல்லிவிட்டுப் போவதைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறேன். அந்தப் பேச்சுக்குப் பின்னால் வேதனை இருக்கிறது. நல்ல தேர்ச்சி வாங்கியும் கேட்ட துறையில் இடம் கிடைக்காமல் பிள்ளையோடு அலையும் பெற்றோரை வருடா வருடம் பார்க்கிறோம். அதற்குக் குரல் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் இடம் கேட்கிறவன், அந்த இடத்தில் தனக்கு என்ன உரிமை என்று தெரிந்துகொண்டு கேட்க வேண்டும். நமக்கு அந்த வரலாறு தெரிவதில்லை. பிள்ளைகளுக்கும் நாம் சொல்வதில்லை.

வரலாற்றை ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். 1904-இல் சிங்கப்பூரில் டான் ஜியாக் கிம் என்ற வணிகர் தலைமையில் ஊர்ப் பெரியவர்கள் ஆளுநரிடம் மனு கொடுத்தார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் வைத்தியம் படிக்க ஒரு பள்ளி வேண்டும் என்பது கோரிக்கை. பணம் நீங்களே திரட்டுங்கள் என்றது அரசு. 87,077 டாலர் சேர்ந்தது. அதில் டான் ஜியாக் கிம் மட்டும் கொடுத்தது 12,000. 1905-இல் அந்த மருத்துவப் பள்ளி தொடங்கியபோது அதற்குக் கிடைத்த இடம் ஒரு பழைய மனநோய் விடுதி. இடத்தின் பெயர் சிப்பாய் லைன்ஸ். இந்தியச் சிப்பாய்கள் முகாம் போட்டிருந்த இடம் என்பதால் வந்த பெயர். பிற்காலத்தில் அதுவே ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரி ஆனது. அதையும் ராஃபிள்ஸ் கல்லூரியையும் சேர்த்து 1949 அக்டோபர் 8 அன்று மலாயாப் பல்கலைக்கழகம் பிறந்தது. 1959-இல் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இரண்டு பிரிவுகளாயின. 1962-இல் கோலாலம்பூர்ப் பிரிவு தனிப் பல்கலைக்கழகமாக நிமிர்ந்தது. அன்றைய பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் முதல் வேந்தர்.

இதற்கு நடுவில்தான் நம் கதை வருகிறது. 1953-இல் மலாய்த் துறை தொடங்கியது. மலாய் இலக்கணத்துக்கு உழைத்த ஸாபா அங்கே ஆசிரியராக வந்தார். அதே வருடம் சீனத் துறையும் வந்துவிட்டது. இந்தியத் துறைதான் இழுத்துக்கொண்டே போனது. அதில் எந்த மொழிக்கு முதலிடம் என்பது பெரிய வாக்குவாதம். வடமொழிக்குத்தான் முதலிடம் தர வேண்டும் என்ற யோசனை எழுந்தபோது, சிங்கப்பூர் 'தமிழ் முரசு' நாளிதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி எழுந்து நின்றார். இந்த மண்ணில் உழைக்கும் இந்தியரில் பெரும்பாலோர் தமிழர், ஆகவே தமிழ்தான் இருக்க வேண்டும் என்று பத்திரிகையில் எழுதினார், ஊர் ஊராகப் பேசினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்று பெயர் வைத்து நிதி திரட்டினார். 1956-இல் இந்தியத் துறை தமிழோடு பிறந்தது.

அந்த நிதிக்குக் கொடுத்தவர்களில் பால் மரம் வெட்டிய கூலித் தொழிலாளிகளும் உண்டு. அவர்களில் ஒருவர் என் தாத்தா. இதை அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை தோட்டத்து மாரியம்மன் கோயில் முன்னால் ஆள்கள் வந்து பேசினார்களாம். தாத்தாவுக்குப் பேச்சு முழுசாகப் புரிந்ததோ இல்லையோ, "நம்ம பாஷைய பெரிய பள்ளிக்கூடத்துல வைக்கப் போறாங்களாம்" என்று சொல்லி வேட்டி முடிச்சிலிருந்து ஒரு வெள்ளி எடுத்துக் கொடுத்தாராம். வீட்டுக்கு வந்ததும் ஆயா சண்டை. அந்த வாரம் கடைக் கணக்கு அப்படியே பாக்கி நின்றதாம். அப்பாவுக்கு அப்போது ஒன்பது, பத்து வயது. அந்தச் சண்டை நன்றாக ஞாபகம் இருக்கிறது என்கிறார்.

தாத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கைநாட்டுதான். நாமக்கல் பக்கத்திலிருந்து கப்பல் ஏறி வந்தபோது தகரப் பெட்டியில் கொண்டுவந்த ஜாதக ஓலை ஒன்றுதான் வீட்டிலிருந்த எழுத்து. அந்த ஓலையைத்தான் அப்பா பல்கலைக்கழகச் சின்னத்தில் அடையாளம் கண்டார்.

1961-இல் தனிநாயகம் அடிகள் இந்தியத் துறைத் தலைவராக வந்தார். யாழ்ப்பாணத்துக் கரம்பொனில் பிறந்தவர், கத்தோலிக்கக் குரு. 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் நடத்திக் காட்டியவர் அவர்தான். துங்கு தொடங்கி வைத்தார். தமிழ்நாட்டிலிருந்து முதலமைச்சர் பக்தவத்சலம் வந்திருந்தார். சென்னையிலோ மதுரையிலோ நடந்திருக்க வேண்டிய முதல் மாநாடு நம் ஊரில் நடந்தது என்றால், ஒரு துறை இருந்தது, அதில் ஓர் அடிகளார் இருந்தார், அந்தத் துறைக்குக் கீழே தோட்டத்துக்காரன் போட்ட வெள்ளி இருந்தது. மருத்துவத் துறையை எடுத்துக்கொண்டால், 1963-இல் அதைத் தொடங்கி வளர்த்த முதல் டீன் டி. ஜே. தனராஜ். அவருடைய காலத்தில் எழுந்த ஆஸ்பத்திரியில்தான் நம் வீட்டில் பாதிப் பேர் பிறந்திருப்போம். யுனிவர்சிட்டி ஆஸ்பத்திரி என்று வாய் நிறையச் சொல்கிறோம்.

விழாவின் மற்ற அடையாளங்களையும் சொல்ல வேண்டும். வேந்தர் உள்ளே வருமுன் ஒருவர் செங்கோல் ஒன்றைத் தோளில் தாங்கி முன்னே நடப்பார். மலாயில் சொக்மார். ஆதியில் அது போர்க்களத்துத் தண்டாயுதம். மாமன்னர் அரியணை ஏறும்போது ஏந்தி வரும் அரச சின்னங்களிலும் சொக்மார் உண்டு. மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் இதே வழக்கம் இருப்பதால், வெள்ளைக்காரன் விட்டுப்போன சடங்கு என்று இளைஞர்கள் சிலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மண்டை உடைக்கிற ஆயுதம் ஒன்று, படித்தவர்களுக்கு முன்னால் மரியாதையாக நடந்துவரும் பொருளாக மாறியிருக்கிறது. அதைப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிமிரும். அங்கியும் தொப்பியும் அப்படித்தான். வெயிலில் வேர்த்துக் கொட்டினாலும் பிள்ளை அதைக் கழற்றாமல் தாத்தாவோடு படம் எடுத்துக்கொண்டாளே, அந்தத் துணிக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது.

மண்டபத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கிங்டன் லூ வடிவமைத்த அந்தக் கான்கிரீட் கட்டடம் 2001-இல் தீப்பிடித்தது. அன்றைக்குப் படத்தைப் பார்த்து அழுதவர்களில் நானும் ஒருத்தி. இடித்துவிட்டு வேறு கட்டாமல், அதையே சீர்செய்து மறுபடி விழா நடத்துகிறார்கள். வழக்கத்தைக் காப்பாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அதன் பொருளைச் சொல்லிக் கொடுக்கிறவர்கள்தான் குறைந்துபோனார்கள்.

ஒரு விஷயம் சொன்னால் சிலர் கோபிப்பீர்கள். 2019-இல் தாய்மொழிப் பள்ளிகளின் நான்காம் ஆண்டு மலாய்ப் பாடநூலில் ஜாவி எழுத்து வரப்போகிறது என்றபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது. தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக நானும் எதிர்த்தேன். பெற்றோரைக் கலக்காமல் எதையும் திணிக்கக் கூடாது என்ற எண்ணம் இன்றும் எனக்கு மாறவில்லை. ஆனால் அன்றைக்கு அந்த மரத்தடியில், கிளந்தான் பிள்ளை வலமிருந்து இடமாக விரல் வைத்து "இல்மு... புன்ச்சா... கெமாஜுவான்" என்று அப்பாவுக்கு வாசித்துக் காட்டியபோது, என் சொந்தப் பட்டத்தில் இருக்கும் மூன்று சொற்களை வாசிக்க எனக்கு இன்னொருத்தர் தேவைப்பட்டது. அது எனக்கு வலித்தது. பரீட்சைக்காக வேண்டாம். ஆர்வமுள்ள பிள்ளைக்குப் பள்ளி முடிந்தபிறகு ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தால் நம் தமிழ் ஒன்றும் தேய்ந்துவிடாது.

மலாய் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் மாணவனை 'மகாசிஸ்வா' என்கிறீர்கள். அது மகாசிஷ்யன். ஆசிரியரை 'குரு' என்கிறீர்கள். உங்கள் முழக்கத்தில் அரபுச் சொல் இருக்கிறது, அதை எழுதியிருப்பது ஓலையில், ஓலைக்குக் காவலாக நாட்டின் பூ. இதெல்லாம் உங்கள் சொத்து. அந்தச் சொத்துக்குள் எங்களுக்கு ஒரு வளையம் இருக்கிறது என்பதை மறுக்கிறவர்கள் உங்களிலும் உண்டு. அவர்களிடம் அந்தக் கேடயத்தை ஒருமுறை காட்டுங்கள். நாங்கள் சொல்வதைவிட நீங்கள் சொன்னால் எடுபடும்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. பட்டமளிப்பு விழாவுக்குக் கொடுக்கும் கையேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, சின்னத்தின் பொருளை மலாய், சீனம், தமிழ் மூன்றிலும் போடலாம். தமிழ்ப் பக்கத்தை எழுதிக் கொடுக்க இந்தியத் துறை மாணவர்களே போதும். தமிழ்ப்பள்ளிகள் வருடத்துக்கு ஒருமுறை பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றிப் பல்கலைக்கழகத்தைச் சுற்றிக் காட்டுகிறோம். ரிம்பா இல்மு தாவரத் தோட்டம், நூலகம், நுழைவாயிலில் ஒரு படம், அப்புறம் சாப்பாடு. இனி எங்கள் பள்ளி போகும்போது அந்தச் சின்னத்துக்கு முன்னால் பத்து நிமிஷம் நிறுத்தி, ஓலையையும் வளையத்தையும் காட்டி, சாரங்கபாணி பெயரையும் அடிகளார் பெயரையும் சொல்லப் போகிறேன். தாத்தாவின் ஒரு வெள்ளியையும் சொல்வேன். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன். மூட்டு வலி என்றாலும் வருகிறேன் என்றிருக்கிறார்.

கடைசியாக ஓர் உதவி. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்குக் கொடுத்திருந்தால், அந்த ரசீதோ, நாளிதழ்த் துணுக்கோ, ஒரு படமோ பெட்டிக்குள் கிடந்தால், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எந்தத் தோட்டம், யார் கொடுத்தார்கள் என்று தெரிந்ததைக் கீழே எழுதுங்கள். ரசீது இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஞாபகத்தில் இருப்பதை எழுதுங்கள். பெயர் பெயராகக் குறித்து வைக்க ஒரு நோட்டு வாங்கிவிட்டேன். முதல் பக்கத்தில் தாத்தா பெயர் இருக்கிறது.