நடந்த ஆட்டுக்குத்தான் அந்தக் காசு

ஞாயிற்றுக்கிழமை, வெளியில் நடந்து மேய்ந்த ஆட்டின் கறியைக் கிலோவுக்கு 200 ரூபாய் கூடக் கொடுத்து வாங்கி, குழம்பு வைத்துப் படம் போட்டேன். அதற்குக் கீழே ஒரே கூத்து. "கிலோவுக்கு 200 ரூபாய் கூடவா? ஆட்டுக்காரன் உங்க தலையில நல்லா மிளகாய் அரைச்சிட்டான்" என்று ஒரு வரி, பக்கத்தில் சிரிப்புப் பொம்மை வேறு. யாரோ எழுதியிருந்தால் விட்டிருப்பேன். போன மாதம் டெக்சாஸிலிருந்து, புல் மட்டுமே மேய்ந்த மாட்டின் ஸ்கர்ட் ஸ்டீக், மண்ணுக்கு உயிர் கொடுக்கிற ரீஜெனரேட்டிவ் குடும்பப் பண்ணை என்று நாலு பதிவு போட்ட அதே அண்ணாச்சி. நாலுக்கும் நான் லைக் போட்டவன்.

அண்ணாச்சி, அந்தப் பண்ணையில் என்னதான் செய்கிறார்கள்? மாட்டை ஒரு துண்டு நிலத்தில் மேயவிட்டு, அடுத்த துண்டுக்கு மாற்றி, சாணியும் மூத்திரமும் மண்ணுக்கே போகும்படி பார்த்துக்கொள்கிறார்கள். நம்ம ஊரில் அதற்குப் பேர் கிடை. பிசான நெல் அறுப்பு முடிந்ததும் எங்கள் வயலில் கிடை போடுவார்கள். சேரன்மகாதேவிப் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனம். பகலெல்லாம் ஆடு தாளும் வரப்புப் புல்லும் உடைமர நெத்தும் தின்றுவிட்டு வரும், ராத்திரி பட்டிக்குள் அடைப்பார்கள், மறுநாள் பட்டி நாலு எட்டு தள்ளிப் போகும். அந்த ஆடுகளை மேய்க்கிற கீதாரித் தாத்தாவுக்கு எங்க ஆச்சி நெல் அளந்து போடும்போது கடைசியில் ஒரு கை கூட அள்ளிப் போடுவாள். நானும் ஒரு ராத்திரி அடம்பிடித்துக் கிடையில் படுத்தேன். அந்த மொச்சை வாடை மூன்று நாள் போகவில்லை, அம்மாவிடம் வாங்கிய அடி தனி.

நான் கூடக் கொடுத்த 200 ரூபாய் அந்த நடைக்குத்தான். கொட்டிலில் நின்று தீவனம் தின்ற ஆட்டுக்கு இல்லை, வெயிலில் நடந்த நம்ம ஊர் கன்னி இன ஆட்டுக்கு.

"அந்தக் கறி ரப்பராட்டம் இருக்குமே" என்று இன்னொருவர். நடந்த ஆட்டுக் கறி இறுக்கமாகத்தான் இருக்கும். மூன்று விசிலில் இறக்கிவிட்டு ஆட்டைக் குறை சொல்லாதீர்கள். மஞ்சள், உப்பு, சின்ன வெங்காயம் போட்டு நல்லெண்ணெயில் புரட்டி, அது விடுகிற தண்ணீரிலேயே மண்சட்டியில் மெதுவாக வேகவிடுங்கள், மிளகும் மல்லியும் வறுத்து அரைத்தது பிறகு, தேங்காய் கடைசியில். ஸ்கர்ட் ஸ்டீக்கும் லேசுப்பட்ட துண்டா? மாடு மூச்சு விடுகிறபோதெல்லாம் வேலை செய்கிற உதரவிதானத் தசை அது. அதைக் கொதிக்கிற இரும்பில் சட்டென்று வாட்டி நாருக்குக் குறுக்கே வெட்டுங்கள் என்று பாடம் எடுத்தவரே நீங்கள்தானே. அமெரிக்க மாட்டுக்குப் பக்குவம் உண்டு, நம்ம ஆட்டுக்கு விசில் மட்டும் போதுமாக்கும்.

ஏழை வாங்க முடியுமா என்று கேட்டவர்களுக்கு: நியாயம். நானே மாதம் ஒரு தடவைதான் வாங்குகிறேன். ஆடு காட்டை அழிக்கும் என்றவர்களுக்கு: சரி, அழிக்கட்டும், ஊர் ஊராகப் பிளாட் கல் நட்டது ஆடுதான் பாருங்கள்.

இன்னொன்று. டெக்சாஸில் ஒரு காலத்தில் அந்த ஸ்கர்ட் துண்டை மாடு மேய்க்கிறவர்களுக்குக் கூலியோடு கூலியாகத் தள்ளிவிடுவார்கள். மேய்த்தவன் தின்ற துண்டுக்கு இன்றைக்கு நீங்கள் டாலரில் கொடுக்கிறீர்கள், அங்கே உங்கள் தலையில் யாரும் மிளகாய் அரைக்கவில்லை. இங்கே மேய்க்கிறவன் 200 ரூபாய் கூடக் கேட்டால் அவன் திருடன். கோபம் எனக்கு அதில்தான், படத்தைக் கேலி செய்ததில் இல்லை. கேலியிலும் கொஞ்சம் உண்டு.

நானும் யோக்கியன் இல்லை. கோயில் கொடை விழாவுக்கு ஒரு வருஷம் மேலப்பாளையம் செவ்வாய்க்கிழமைச் சந்தையில் கிடா பிடிக்கப் போய், மத்தியானம் வரை நின்று 500 ரூபாய் குறைத்துவிட்டுப் பெருமையாக வந்தேன். விற்றவருக்கு எங்க அப்பா வயசு. ஒன்றும் சொல்லாமல் கயிற்றை அவிழ்த்து என் கையில் கொடுத்துவிட்டு, கிடாவின் முதுகை ஒரு தடவை தடவினார். நான் அதற்குள் வண்டிக்காரரோடு வாடகை பேச ஆரம்பித்துவிட்டேன்.