கண்களை மூடிப் படுத்திருப்பவரின் அருகில் அமர்பவர் யார்?

என் தந்தை இறந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. துக்கமும் உறக்கமின்மையும் தாங்க முடியாமல் ஒரு மனநலச் சிகிச்சையாளரிடம் சென்றேன். மூன்றாவது சந்திப்பில் என் இணையரைப் பற்றிப் பேச நேர்ந்தபோது, அவரும் ஓர் ஆண் என்பதைச் சொன்னேன். அதன் பிறகு என் துக்கத்தைப் பற்றி அந்த அறையில் யாரும் பேசவில்லை. தந்தை என்னிடம் நெருக்கமாக இருந்தாரா, சிறு வயதில் என்னைத் தூக்கிக் கொஞ்சினாரா, அவருக்கு அஞ்சி வளர்ந்தேனா என்று அடுத்தடுத்து வந்த கேள்விகள் எல்லாமே என் ஈர்ப்புக்கு ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தன. ஆறாவது சந்திப்போடு நான் போவதை நிறுத்திவிட்டேன். ஆனால் அவர் விதைத்த ஐயம் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. தந்தையை நினைத்து அழ வேண்டிய இரவுகளில், அவர் என்னை இன்னும் கொஞ்சம் அணைத்திருந்தால் நான் வேறொருவனாக இருந்திருப்பேனோ என்று பல மாதங்கள் உழன்றுகொண்டிருந்தேன்.

அப்போது நான் முழுத் தெளிவோடு இருந்தேன். எந்த மருந்தும் என் உடலில் இல்லை. எழுந்து வெளியேறும் வலிமையும் எனக்கு இருந்தது. அப்படியிருந்தும் ஒரு சிகிச்சையாளரின் முன்முடிவு எனக்குள் இவ்வளவு ஆழமாக இறங்கியது என்றால், எல்எஸ்டி, சைலோசைபின் போன்ற, உணர்நிலையையே மாற்றும் மருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு, கண்களைக் கட்டிக்கொண்டு, அரண்கள் அனைத்தும் தளர்ந்த நிலையில் படுத்திருக்கும் ஒருவருக்குள் அது எவ்வளவு தூரம் இறங்கும்? இத்தகைய மருந்தோடு சிகிச்சையாளரின் வழிநடத்தலையும் சேர்த்துத் தரும் சைக்கடெலிக் சிகிச்சை பற்றிய செய்திகளைப் பால்புதுமையினரும் (என்னைப் போல், பெரும்பான்மையிலிருந்து வேறுபட்ட ஈர்ப்பு உடையவர்கள்) திருநரும் நம்பிக்கையோடு பகிரும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் எனக்கு முதலில் எழுகிறது. அந்த நம்பிக்கை எனக்கும் உண்டு என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நம்பிக்கைக்குக் காரணங்கள் இருக்கின்றன. 2021இல் வெளியான, மருந்துக்கு ஒப்புதல் கேட்பதற்கு முந்தைய மூன்றாம் கட்ட ஆய்வு ஒன்றில், கடுமையான அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறால் அவதிப்பட்ட 90 பேர் பங்கேற்றார்கள். அச்சத்தைத் தணித்து நெருக்க உணர்வைக் கூட்டும் எம்டிஎம்ஏ என்ற மருந்துடன் உளவழிச் சிகிச்சையும் பெற்றவர்களில் 67 விழுக்காட்டினர், அந்த நோய்க்கான வரையறைக்குள் இனி வராத நிலையை அடைந்தார்கள். போலி மருந்தோடு அதே சிகிச்சையைப் பெற்றவர்களில் அது 32 விழுக்காடு. குடும்பத்தின் புறக்கணிப்பு, தெருவில் வன்முறை, பள்ளியில் தொடங்கிய அவமானம் ஆகியவற்றைச் சுமந்து வாழும் ஒரு சமூகம் இந்த எண்களைக் கண்டு ஏங்குவது இயல்பே. பால்புதுமையினரிடையே மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக இருப்பது அவர்களின் இயல்பால் அன்று, சமூகம் அவர்கள் மீது இடைவிடாமல் செலுத்தும் அழுத்தத்தால்தான் என்பதை ஆய்வாளர் இலான் மேயர் 2003இல் 'சிறுபான்மை அழுத்தம்' என்ற கருத்தாக்கத்தின் வழியே விரிவாக விளக்கினார். காயம் அங்கே இருக்கிறது என்றால், மருந்தும் அங்கே போய்ச் சேர வேண்டும் அல்லவா?

ஆனால் இந்தச் சிகிச்சை ஒரு மாத்திரையை விழுங்குவதோடு முடிந்துவிடுவதில்லை. அந்த எம்டிஎம்ஏ ஆய்வின் நடைமுறையையே எடுத்துக்கொள்வோம். ஒன்றரை மணி நேரம் நீளும் முன்தயாரிப்புச் சந்திப்புகள் மூன்று, மருந்து கொடுக்கப்படும் எட்டு மணி நேர அமர்வுகள் மூன்று, அவற்றில் எழுந்தவற்றை வாழ்க்கையோடு பொருத்திப் பார்க்கும் ஒன்றரை மணி நேரச் சந்திப்புகள் ஒன்பது. கூட்டினால் 42 மணி நேரம். தன்னைப் பற்றிய ஓர் அடிப்படை உண்மையைச் சொல்லத் தயங்குபவர் அத்தனை மணி நேரமும் அந்தச் சிகிச்சையாளர்களின் முன் தன்னைக் காத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். தற்காப்பைத் தளர்த்துவதே அந்த மருந்தின் வேலை. ஆகவே மருந்து ஒரு பக்கமும் அச்சம் மறுபக்கமும் அவரை இழுத்துக்கொண்டிருக்கும்.

2015இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பத்துப் பேரிடம் நடத்திய சிறிய ஆய்வொன்றில், எல்எஸ்டியின் தாக்கத்தில் இருக்கும்போது பிறர் சொல்லும் கருத்துகளுக்கு மனம் கூடுதலாக இசைந்துகொடுக்கிறது என்பது தெரியவந்தது. மற்ற மருந்துகளுக்கும் இது அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆயினும் இந்தத் துறையில் உள்ளவர்கள் அறுபது ஆண்டுகளாக மனநிலை, சூழல் என்று இரண்டு சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான். சூழல் என்றவுடன் மெல்லிய இசை, தணிந்த விளக்கு, மென்மையான படுக்கை ஆகியவற்றைச் சொல்கிறார்கள். அருகில் அமர்ந்திருப்பவர் மனதுக்குள் என்ன நம்புகிறார் என்பதும் சூழல்தான் என்பேன் நான். அந்த அறையில் அதைவிடப் பெரிய சூழல் வேறு எதுவும் இல்லை.

இது வெறும் ஊகம் அன்று, ஏற்கெனவே நடந்த வரலாறு. 1950களிலும் 1960களிலும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தன்பாலீர்ப்பை நோயாகக் கருதி, அதைக் 'குணப்படுத்த' எல்எஸ்டியைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1967 வரை ஆண்களுக்கிடையிலான உறவு சட்டப்படி குற்றம். மருத்துவமனைக்குப் போவதா, சிறைக்குப் போவதா என்ற நிலையில் ஒருவர் கொடுக்கும் ஒப்புதலை ஒப்புதல் என்றே சொல்ல முடியாது. 1966இல், எல்எஸ்டியின் புகழ்பெற்ற பரப்புரையாளரான திமோதி லியரி ஓர் இதழுக்கு அளித்த பேட்டியில், தன்பாலீர்ப்புக்கு எல்எஸ்டியே தீர்வு என்று சொன்னார். ஹார்வர்டில் அவரோடு பணியாற்றிய ரிச்சர்ட் அல்பெர்ட்டும் எல்எஸ்டியைக் கொண்டு ஓர் ஆணின் ஈர்ப்பை மாற்ற முயன்றதைப் பற்றி எழுதினார். அந்த அல்பெர்ட் தாமே ஆண்களிடம் ஈர்ப்புடையவர். பிற்காலத்தில் அதை வெளிப்படையாகப் பேசியவர். இதைப் படித்த நாளில் எனக்குக் கோபத்தைவிடத் துயரமே மிகுதியாக வந்தது.

அன்றைய மருத்துவம் முழுவதுமே அப்படித்தானே இருந்தது என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது 1973இல்தான். உலக சுகாதார நிறுவனம் நீக்கியது 1990இல். திருநர் அடையாளத்தை மனநோய்கள் பிரிவிலிருந்து வெளியே எடுத்த, அந்த நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐசிடியின் 11ஆம் பதிப்பு 2019இல்தான் ஏற்கப்பட்டது. ஆனால் லியரியும் அவரது தோழர்களும் ஏனைய மருத்துவர்களைப் போன்றவர்கள் அல்லர். மனதின் கதவுகளைத் திறக்கும் மருந்தைத் தாங்களே பலமுறை எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள்; சமூகத்தின் கட்டுகள் அனைத்தையும் கேள்விக்கு உட்படுத்துவதாக அறிவித்தவர்கள். அத்தனை பயணங்களுக்குப் பிறகும் இந்த ஒரு முன்முடிவு அவர்களிடம் அப்படியே இருந்தது. இதிலிருந்து நான் புரிந்துகொள்வது ஒன்றுதான்: மருந்து தானாகவே யாரையும் முன்முடிவிலிருந்து விடுவிப்பதில்லை. சிகிச்சையாளர் ஒருவர் தாமும் சைலோசைபின் எடுத்துக்கொண்டவர் என்பதாலேயே அவர் எங்களைப் புரிந்துகொள்வார் என்று நம்பிவிட முடியாது. அதற்குப் பயிற்சி வேண்டும், மேற்பார்வை வேண்டும், தவறினால் பொறுப்பேற்க வைக்கும் விதிகள் வேண்டும்.

இன்றைய நடைமுறைகளில் அந்தப் பழைய பார்வை கரடுமுரடாகத் தெரிவதில்லை, மென்மையாக மறைந்திருக்கிறது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இணையராக அமர்ந்து சிகிச்சையளிப்பது இந்தத் துறையில் நெடுங்கால வழக்கம். தாயையும் தந்தையையும் நினைவூட்டும் இருவர் அருகில் இருந்தால் நோயாளிக்குப் பாதுகாப்பு உணர்வு ஏற்படும் என்பது அதன் பின்னிருக்கும் எண்ணம். எல்லாருக்கும் தாயும் தந்தையும் பாதுகாப்பாகவா இருந்தார்கள்? தான் யார் என்று சொன்ன அன்றே தாய் தந்தையரால் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட திருநங்கை ஒருவருக்கு அந்த இருவரின் சாயல் எதை நினைவூட்டும்? ஆண், பெண் என்ற இருமைக்குள் தன்னைக் காணாத ஒருவருக்கு, குணமடைவதற்கான இடமே அந்த இருமையால் கட்டப்பட்டிருப்பது எப்படி இருக்கும்? இந்த ஏற்பாடு பாலியல் அத்துமீறலைத் தடுக்கும் என்ற வாதமும் வலுவானது அன்று. கனடாவில் நடந்த எம்டிஎம்ஏ ஆய்வொன்றில் பங்கேற்ற பெண்ணிடம் எல்லை மீறி நடந்துகொண்ட சிகிச்சையாளர்கள் கணவனும் மனைவியுமான ஓர் ஆணும் பெண்ணும்தான். 2022இல் அந்த அமர்வுகளின் காணொளிப் பதிவுகள் வெளியாகின. 2024 ஆகஸ்டில் அந்த ஆய்வுத் தரவுகள் இடம்பெற்ற மூன்று கட்டுரைகளை ஓர் ஆய்விதழ் திரும்பப் பெற்றது. யாரை அருகில் அமர வைப்பது என்பதைச் சிகிச்சை பெறுபவரே முடிவு செய்யட்டும் என்பதுதான் என் நிலைப்பாடு. தொடுதலுக்கான ஒப்புதலை மருந்து கொடுப்பதற்கு முன்பே, ஒவ்வொரு வகைத் தொடுதலுக்கும் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். மருந்தின் தாக்கத்தில் இருக்கும்போது அந்த ஒப்புதலை விரிவாக்கக் கூடாது. மறுப்பதற்கு மட்டும் எப்போதும் இடம் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சைக்கடெலிக் அனுபவத்தில் 'நான்' என்பது கரைந்துபோகிறது, அந்த நிலையில் ஆணும் இல்லை பெண்ணும் இல்லை, ஆகவே பாலினமே ஒரு மாயைதான் என்று பேசுபவர்கள் இருக்கிறார்கள். அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் தன்னை ஆண் என்று பிறரை ஏற்கச் செய்வதற்காக இருபது ஆண்டுகள் போராடிய திருநம்பி ஒருவரிடம், மருந்தின் உச்சத்தில், அது வெறும் மாயை என்று சொல்வது அவருடைய உறவினர்கள் சொன்னதையே இனிய குரலில் திரும்பச் சொல்வதாகும். அந்த அனுபவத்தில் ஒருவருக்குத் தன் பாலினம் தெளிவாகலாம், குழம்பலாம், சில மணி நேரம் பொருளற்றுப் போகலாம். அது அவருக்குச் சொந்தமான அனுபவம். வழிநடத்துபவர் அதை எந்தப் பக்கமும் தள்ளக் கூடாது. 'நீங்கள் திருநராக இருக்கலாம்' என்று அவசரப்பட்டுப் பெயரிடுவதும், 'இது மருந்தின் விளைவு, நாளை சரியாகிவிடும்' என்று மூடி வைப்பதும் ஒரே தவறின் இரு வடிவங்கள்.

இவை எல்லாம் மன உணர்வு சார்ந்தவை, மருத்துவத்துக்கு இரண்டாம் நிலையில் உள்ளவை என்று எண்ணுபவர்களுக்காக ஓர் எடுத்துக்காட்டு. ரிட்டோனாவிர் என்ற எச்ஐவி மருந்து, கல்லீரலில் எம்டிஎம்ஏவைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது. அதனால் எம்டிஎம்ஏவின் அளவு இரத்தத்தில் பன்மடங்கு உயரக்கூடும். ரிட்டோனாவிர் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் எம்டிஎம்ஏவால் இறந்ததை 1998இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது. அது சிகிச்சைக்கு வெளியே நடந்த மரணம். எம்டிஎம்ஏ இரத்தத்தில் சோடியத்தின் அளவைக் குறைக்கக்கூடும். திருநங்கையர் பலர் எடுத்துக்கொள்ளும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரையும் அதைக் குறைக்கக்கூடியதுதான். தான் என்னென்ன மருந்துகள் எடுத்துக்கொள்கிறேன் என்பதை அஞ்சாமல் சொல்லக்கூடிய இடமாக அந்த அறை இல்லையென்றால், ஒருவர் எச்ஐவி மருந்தையோ ஹார்மோனையோ மறைத்துவிடுவார். அரவணைப்பு என்பது விருந்தோம்பல் போன்ற ஒரு கூடுதல் பண்பு என்று நினைக்காதீர்கள். இங்கே அது இதயத் துடிப்பைக் கண்காணிப்பதற்கு நிகரான பாதுகாப்பு நடவடிக்கை.

நல்ல முன்மாதிரியே இல்லையா என்றால், இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், எய்ட்ஸ் பரவலின் கொடிய ஆண்டுகளைக் கடந்து உயிர் பிழைத்த, தம்மைத் தன்பாலீர்ப்பாளர் என்று அடையாளப்படுத்திக்கொண்ட மூத்த ஆண்கள் 18 பேரிடம் சைலோசைபின் ஆய்வு நடத்தி, முடிவுகளை 2020இல் வெளியிட்டார்கள். நண்பர்களையும் காதலர்களையும் அடுத்தடுத்துப் புதைத்துவிட்டு, தான் மட்டும் ஏன் மிஞ்சினேன் என்ற கேள்வியோடு முதுமையை எட்டியவர்கள் அவர்கள். அந்த ஆய்வு அவர்களைக் குழுவாகச் சேர்த்தது. மருந்து எடுத்துக்கொள்வது தனித்தனியே என்றாலும், அதற்கு முன்பும் பின்பும் ஒரே இழப்பைச் சுமந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசினார்கள். அங்கே யாரும் தன் காதலனின் பெயரை மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மனத்தளர்ச்சி கணிசமாகக் குறைந்தது என்று முடிவுகள் தெரிவித்தன. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வு அது என்பதை நான் மறக்கவில்லை. ஆயினும் ஒரு சமூகத்தின் காயத்தை அறிந்து, அதற்கேற்ப ஒரு சிகிச்சையை வடிவமைக்க முடியும் என்பதை அது காட்டியது.

இந்தச் சிகிச்சையே இன்னும் உறுதியாகவில்லை, அதற்குள் இந்தக் கோரிக்கைகள் எதற்கு என்று கேட்கிறார்கள். 2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எம்டிஎம்ஏ சிகிச்சைக்கு ஒப்புதல் தர மறுத்து, மேலும் ஓர் ஆய்வைக் கேட்டது உண்மைதான். மறுபுறம், ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல் ஒப்புதல் பெற்ற மனநல மருத்துவர்கள் எம்டிஎம்ஏவையும் சைலோசைபினையும் பரிந்துரைக்க முடிகிறது. விதிகள் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் காலம் இது. கட்டி முடித்த வீட்டில் சுவரை இடித்துக் கதவு வைப்பதைவிட, அடித்தளம் போடும்போதே கதவு எங்கே என்று கேட்பது எளிது. இந்த உரையாடலைப் பால்புதுமையினர் ஏற்கெனவே தொடங்கிவிட்டார்கள். சக்ருனா என்ற அமைப்பு 2019இல் சான் பிரான்சிஸ்கோவில் இதற்கென்றே ஒரு மாநாட்டை நடத்தியது.

இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக எதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உளச்சிதைவு நோயோ இருமுனைக் கோளாறோ தமக்கோ குடும்பத்தில் எவருக்கோ இருந்தால் இந்த மருந்துகள் பெரும் தீங்கு செய்யக்கூடும். பெரும்பாலான நாடுகளில் இவை சட்டத்துக்குப் புறம்பானவையும்கூட. ரகசியமாக அமர்வு நடத்துபவர்களிடம் போகும் திருநர் நண்பர்களை நான் குறை சொல்லவில்லை. முறையான வாசல்கள் அவர்களுக்கு மூடியிருந்ததால்தான் போகிறார்கள். ஆனால் அங்கே ஒரு தவறு நடந்தால் முறையிடக்கூட இடமிருக்காது.

1993 முதல் 2017 வரை நடந்த 18 சைக்கடெலிக் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், பங்கேற்றவர்களில் 82.3 விழுக்காட்டினர் வெள்ளையர்கள் என்று 2018இல் கணக்கிட்டார்கள். இனத்துக்கு அந்தக் கணக்கைப் போட முடிந்தது, ஆய்வறிக்கைகளில் அதற்கான வரி இருந்ததால். இப்போதெல்லாம் புதிய ஆய்வு எது வந்தாலும், முடிவுரைக்குப் போவதற்கு முன் பங்கேற்றவர்களைப் பற்றிய முதல் அட்டவணையைத்தான் பார்க்கிறேன். வயது இருக்கும், கல்வி இருக்கும், ஆண் எத்தனை பெண் எத்தனை என்று இருக்கும். எங்களுக்கான வரியை விரலால் தேடிக்கொண்டே கீழே இறங்குகிறேன்.