முத்திரையோ, தங்கமோ?

லண்டனில கடிதம் போடப் போறது இப்ப நகைக்கடைக்குப் போற மாதிரிக் கிடக்கு. 2022 மார்ச்சில முதல் வகுப்பு, அதுதான் கெதியாப் போற கடிதத்துக்கான, முத்திரை 85 பென்ஸ். 2025 ஏப்ரலில 1 பவுண்ட் 70. மூண்டே வருசத்தில சரியா இரண்டு மடங்கு! எங்கட சம்பளம் அப்பிடி ஏறினதோ? 2024 ஏப்ரலில ஒருக்கா ஏத்தி, அந்தக் காயம் ஆற முதல் ஒக்டோபரில ஒரே அடியா 30 பென்ஸ்.

விலை ஏறப்போகுது எண்டு அம்மா முதலே வாங்கி பிஸ்கட் டின்னுக்குள்ள பதுக்கி வச்சவ. கெட்டிக்காரி எண்டு நினைச்சம். மகாராணித் தலை போட்ட, பார்கோட் இல்லாத பழைய முத்திரை 2023 ஜூலையோட செல்லாதாம்! படிவம் நிரப்பி அனுப்பி மாத்தவேணும். முத்திரை மாத்த ஒரு தபால், நல்ல கூத்து.

முதல் வகுப்பாம். போன கடிதம் ஆமை மாதிரி ஆறாம் நாள் வந்தது.

அப்பா வேற வழி கண்டுபிடிச்சிட்டார். நத்தார் வாழ்த்துக் காட்டைக் கையில குடுக்கிறாராம், கிழக்கு லண்டன் ஈஸ்ட்ஹாமில இருந்து வடமேற்குப் பக்கம் ஹரோவுக்குக் கார் ஓடுறார். பெற்றோல் காசை ஆர் கணக்குப் பாக்கிறது? அந்தக் காட்டும் போன வருசம் எங்களுக்கு வந்ததுதான். பெயருக்கு மேல வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கு.