நானும்தான் தூக்கச் சொன்னேன்

2025 தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை சாயங்காலம். சேலம் சின்னக் கடை வீதியில் கால் வைக்க இடமில்லை. துணிக்கடையில் பில் போடும் வரிசையில் நிற்கிறேன். ஒரு கையில் மூன்று பைகள், இன்னொரு கையில் போன். போனில் கால்பந்து, நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் – செல்சி ஆட்டம். செல்சியின் மூன்றாவது கோலும் விழுந்ததும் போனைப் பாக்கெட்டில் போட்டுவிட்டேன். பில் கட்டி, வண்டியை எங்கே விட்டோம் என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் செய்தி வந்துவிட்டது. மேட்ச் முடிந்து இருபது நிமிஷம்கூட ஆகவில்லை.

"என்னாச்சு, மூஞ்சி இப்படிப் போச்சு?" என்றாள் மனைவி.

"ஆஞ்சைத் தூக்கிட்டாங்க."

"மறுபடியுமா?"

கால்பந்தில் ஆஃப்சைடு என்றால் என்னவென்று தெரியாதவளுக்கும் ஃபாரஸ்ட் மேனேஜர் ஆஞ்ச் பொஸ்டெகோக்லூவைத் தெரியும். எங்கள் வீட்டில் இரண்டு வருஷம் ராத்திரி ஒன்றரை மணிக்கு எழுந்த சத்தங்களுக்கெல்லாம் அவர்தான் காரணம். ஃபாரஸ்டில் அவர் இருந்தது 39 நாள். எட்டு மேட்ச், ஒரு வெற்றிகூட இல்லை. அந்த 39 நாளைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இல்லை, அது அவருக்கான இடமே இல்லை. அதற்கு முன்னால் டாட்டன்ஹாமில் (ரசிகர்களுக்கு ஸ்பர்ஸ்) இருந்த இரண்டு வருஷத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். ஜூனில் அவரை அங்கிருந்து அனுப்பியபோதே எழுதியிருக்க வேண்டும். அப்போது கை வரவில்லை. ஏன் என்றால், அவரைத் தூக்கச் சொல்லி இதே பக்கத்தில் எழுதியவன் நான்.

சேலத்தில் ஸ்பர்ஸ் ரசிகன் என்று சொன்னால் ஏதோ வேண்டுதல் மாதிரி பார்ப்பார்கள். இங்கே முதலில் கிரிக்கெட். சின்னப்பம்பட்டி நடராஜன் யார்க்கர் போட ஆரம்பித்த பிறகு கேட்கவே வேண்டாம். மிச்சம் இருக்கிறவர்கள் மெஸ்ஸி, ரொனால்டோ, மான்செஸ்டர் யுனைடெட். நான் ஸ்பர்ஸ் ஆனது 2010 அக்டோபரில். மிலானில் இன்டருடன் மேட்ச். ஆரம்பத்திலேயே கோல்கீப்பருக்குச் சிவப்பு அட்டை, இடைவேளைக்கு 4-0. 'தூங்கப் போடா' என்று ஹாஸ்டலில் எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். கேரத் பேல் இடது பக்கமாக ஓடி ஓடி மூன்று கோல் போட்டார். 4-3. தோற்றுத்தான் போனார்கள். ஆக, நான் தோற்ற மேட்ச்சைப் பார்த்து ரசிகனானவன். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் படியுங்கள்.

2023 ஜூன் 6ஆம் தேதி ஆஞ்சை மேனேஜராக அறிவித்தது ஸ்பர்ஸ். ஏதென்ஸில் பிறந்து, ஐந்து வயதில் பெற்றோருடன் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய குடும்பம். ஆஸ்திரேலியாவுக்கு ஆசியக் கோப்பை, யோகோஹாமாவுக்கு ஜப்பான் லீக், செல்டிக்கில் இரண்டு வருஷத்தில் ஐந்து கோப்பை என்று வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார். இங்கிலாந்துக்காரர்களுக்கு இதெல்லாம் கணக்கிலேயே வரவில்லை. நமக்குத் தெரியாததா, சேலம் லீக்கில் நூறு அடித்தாலும் சென்னையில் 'எந்த ஊரு?' என்றுதான் முதலில் கேட்பார்கள்.

வந்த இரண்டு மாதத்தில் எங்கள் கோல் மெஷின் ஹாரி கேனை ஜெர்மனியின் பயர்னுக்கு விற்றுவிட்டார்கள். அவ்வளவுதான் என்று நினைத்தோம். ஆனால் முதல் பத்து லீக் மேட்ச்சில் எட்டு வெற்றி, இரண்டு டிரா. பட்டியலில் முதலிடம்! அந்த இரண்டு மாதம் நான் ஆபீஸில் யாரிடமும் எரிந்து விழவில்லை. அப்பா ஏற்காட்டில் காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவர். பூ மழை பெய்து, செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்து, மலையே மணக்கும்போதும் மூட்டைக் கணக்குப் பேச மாட்டார். அடுத்த மழை வராவிட்டால் பூ கருகிவிடும் என்பார். அந்த அக்டோபரில் அவரிடம் பட்டியலைக் காட்டினேன். "இன்னும் எத்தனை மேட்ச் இருக்கு சாமி?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த மேட்ச்சே செல்சி. 2023 நவம்பர் 6, நமக்கு விடிந்தால் செவ்வாய். ரொமேரோவுக்குச் சிவப்பு, அப்புறம் உடோகிக்குச் சிவப்பு. நடுவில் மேடிசன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு வெளியே போகிறார். தற்காப்பு ஆட்டக்காரர் மிக்கி வான் டி வென் பின்னால் ஓடி வரும்போது தொடைத் தசையைப் பிடித்துக்கொண்டு விழுகிறார். ஒன்பது பேர். உலகத்தில் எந்த மேனேஜராக இருந்தாலும் ஒன்பது பேரையும் சொந்தப் பெனால்டி பெட்டிக்குள் கொண்டுபோய் நிறுத்தியிருப்பார். ஆஞ்ச் என்ன செய்தார்? தற்காப்பு வரிசையை நடுக்கோட்டுக்கு ஏற்றி நிறுத்தினார். பின்னால் பாதி மைதானம் காலி, கோல்கீப்பர் விக்காரியோ மட்டும் அங்கே வாட்ச்மேன் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தார். 2-1 என்று இருந்தபோது சமன் செய்ய இரண்டு மூன்று வாய்ப்பு வேறு கிடைத்தது. கடைசி நிமிஷங்களில் இன்னும் இரண்டு கோல் விழுந்து 4-1. மைதானத்தில் இருந்த ஸ்பர்ஸ் ரசிகர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். அறைக்குள் நானும் தட்டினேன், மூன்றரை மணிக்கு. ஐந்து பேராகக் குறைந்தாலும் இப்படித்தான் ஆடுவோம், நான் இருக்கும்வரை இதுதான் நாங்கள் என்று மேட்ச் முடிந்து அவர் சொன்னதைக் கேட்டு மயிர்க்கூச்செறிந்தது.

இப்போது யோசித்தால், அன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஏனென்றால் இந்த மாதிரி ஆளிடம் நான் ஆடியிருக்கிறேன். ஏற்காட்டில் எங்களுக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் டீம் ஒன்று இருந்தது. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த ஒரு அண்ணன்தான் கோச். பந்தைத் தூக்கி அடிக்கக் கூடாது, தரையோடு பாஸ் கொடுத்துத்தான் மேலே வர வேண்டும் என்பது அவர் சட்டம். அதற்கு ஒரு நியாயமும் இருந்தது. எங்கள் மைதானத்தில் தூக்கி அடித்தால் பந்து எஸ்டேட்டுக்குள் போய்விடும், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே தேடி எடுக்கப் பத்து நிமிஷம் ஆகும். ஆனால் கீழே சேலத்தில் போய் ஆடியபோதும் அதே சட்டம். கல்லும் மண்ணுமான மைதானத்தில் எங்கள் கோல் வாசலிலேயே பாஸ் கொடுத்து விளையாடி ஏழு கோல் வாங்கினோம். மறுநாள் டீக்கடையில் மீட்டிங் போட்டு அண்ணனை நீக்கினோம். அவருக்குச் சம்பளமே கிடையாது, பந்து வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். நீக்குவதற்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். அவர் முன்னாலேயே டீயைக் குடித்தோம், காசு அவர்தான் கொடுத்தார்.

சரி, ஸ்பர்ஸுக்கு வருவோம். முதல் சீசனில் ஐந்தாம் இடம். இரண்டாவது சீசன் ஆரம்பத்தில் ஆர்சனலிடம் சொந்த மைதானத்தில் தோற்றதும், இரண்டாவது வருஷத்தில் நான் எப்போதும் ஏதாவது ஜெயிப்பேன் என்று சொல்லிவைத்தார். ஊர் சிரித்தது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் என் நண்பன், தீராத யுனைடெட் பைத்தியம், அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்பர்ஸ் தோற்கும்போதெல்லாம் எனக்கு அனுப்புவான். நிறைய அனுப்ப வேண்டியிருந்தது. பிரைட்டனில் 2-0 முன்னிலையிலிருந்து தோல்வி. அந்த சீசனில் அதுவரை ஒரு மேட்ச்கூட ஜெயிக்காத இப்ஸ்விச், எங்கள் ஊரில் வந்து ஜெயித்துவிட்டுப் போனது. அடுத்த மேட்ச்சிலேயே மான்செஸ்டர் சிட்டியை அவர்கள் மைதானத்தில் 4-0 அடித்தோம், அங்கே 52 மேட்ச்சாகத் தோற்காதவர்களை. இந்த டீமை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது?

காயங்கள் உண்மை, அதை மறைக்கக் கூடாது. ரொமேரோ இல்லை, வான் டி வென் இல்லை, சிட்டி மேட்ச்சில் கணுக்கால் எலும்பு உடைந்தும் முழு ஆட்டமும் ஆடிய விக்காரியோவும் இல்லை. 18 வயது ஆர்ச்சி கிரே, மிட்ஃபீல்டுப் பையன், தற்காப்பின் நடுவே சென்டர் பேக்காக நின்றான். ஆனாலும் ஆட்டம் அதே ஆட்டம்தான். செல்சியிடம் 2-0 முன்னிலையிலிருந்து 4-3, லிவர்பூலிடம் 6-3. ஜனவரி 26ஆம் தேதி லெஸ்டரிடம் சொந்த மைதானத்தில் தோற்ற ராத்திரி எழுதினேன்: 'போதும், இந்த மனுஷனை அனுப்பிவிடுங்கள்.' முன்னூறு லைக். நான் எழுதியதிலேயே அதிகம் பேர் ரசித்தது அதுதான், வெட்கமாக இருக்கிறது. லீக்கில் கடைசியில் 22 தோல்வி, 17ஆம் இடம்.

நடுவில், ஐரோப்பியக் கிளப்புகள் மோதும் யூரோப்பா லீக் மட்டும் சத்தமில்லாமல் நகர்ந்துகொண்டிருந்தது. ஆல்க்மார், ஃபிராங்க்ஃபர்ட், நார்வேயிலிருந்து போடோ கிளிம்ட், எல்லோரையும் தாண்டினோம். லீக்கைக் கைவிட்டு, நல்ல கால்களை யூரோப்பா ஆட்டம் நடக்கும் வியாழக்கிழமைக்கு எடுத்துவைத்தார். எல்லோரும் இதைக் குறையாகச் சொன்னார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை, 15ஆம் இடத்துக்கும் 17ஆம் இடத்துக்கும் யார் சிலை வைக்கப் போகிறார்கள்?

பில்பாவோவில் நடந்த ஃபைனலில் யுனைடெட்டை ஜெயித்துக் கோப்பை வாங்கிய 16ஆவது நாள், அவரை மேனேஜராக அறிவித்த அதே ஜூன் 6ஆம் தேதி, ஆளை அனுப்பினார்கள். ஸ்பர்ஸுக்கு இது புதிதல்ல. 2008இல் லீக் கப் வாங்கிக் கொடுத்த மேனேஜர் ராமோஸ் அதே வருஷம் அக்டோபரில் போனார். சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் வரை கூட்டிப்போன பொச்செட்டினோவுக்கு ஆறு மாதம்கூடத் தரவில்லை. மொரின்ஹோவை 2021இல் லீக் கப் ஃபைனலுக்கு ஆறு நாள் முன்னால் தூக்கினார்கள். பந்தி போட்டு, இலை போட்டு, சோறு வைக்கிற நேரத்தில் எழுப்பிவிடுவது அது. ஆஞ்சைச் சாப்பிடவாவது விட்டார்கள்.

நன்றி கெட்டவர்கள் என்று நண்பர்கள் பலர் எழுதினார்கள். நான் அந்தப் பக்கம் இல்லை. தூக்கியது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் ஜனவரியில் நான் சொன்ன காரணம் தப்பு. இவருக்கு வேறு ஆட்டம் தெரியாது என்று எழுதியிருந்தேன். தெரியும் என்று பில்பாவோவில் காட்டிவிட்டார். அன்று பந்து முக்கால்வாசி நேரம் யுனைடெட் காலில்தான் இருந்தது. நாங்கள் பின்னால் குவிந்து நின்றோம், தூக்கி அடித்தோம், நேரம் கடத்தினோம். 78ஆவது நிமிஷத்தில் கோல் அடித்த பிரென்னன் ஜான்சனை எடுத்துவிட்டு டான்சோவை இறக்கினார், ஒரு தற்காப்பு ஆட்டக்காரர்! இதைச் செய்யத் தெரிந்தவர், 2-0 முன்னிலையில் இருந்த சாதாரண ஞாயிற்றுக்கிழமைகளில் ஏன் செய்யவில்லை? தெரியாதவனை மன்னிக்கலாம். தெரிந்தும் ஃபைனலுக்கு மட்டும் பெட்டியைத் திறந்தவர் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அந்தக் கோபத்தோடுதான் அவரை எனக்கு இவ்வளவு பிடிக்கிறது. கொள்கையில் உறுதியானவர் என்று இப்போது அவரைப் புகழ்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: நாம் கொண்டாடிய ஒரே கோப்பை, அவர் கொள்கையை ஒரு ராத்திரி ஓரமாக வைத்ததால் வந்தது.

அந்த ராத்திரி நான் மலையில் இருந்தேன். கோடை சீசன் நேரம், அப்பாவைப் பார்க்கப் போயிருந்தேன். வீட்டில் சிக்னல் நிற்காது. பன்னிரண்டு மணிக்கு மேல் காரை எடுத்துக்கொண்டு, காட்டு மாடு ஏதாவது நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து ஓட்டி, முதல் வளைவுக்கு மேல் சேலம் விளக்கெல்லாம் தெரிகிற இடத்தில் நிறுத்தினேன். அங்கேயும் படம் ஓடும், நிற்கும், ஓடும். 42ஆவது நிமிஷம் படம் நின்றிருந்தபோது செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்தது. அதைப் படித்துத்தான் நமக்குக் கோல் என்று தெரிந்துகொண்டேன். அது யுனைடெட் ஆட்டக்காரர் ஷாவின் கையில் பட்டு உள்ளே போன பந்து, ஜான்சன் கோலே இல்லை என்று அவன் இன்றுவரை சாதிக்கிறான்.

68ஆவது நிமிஷம். பெட்டிக்குள் வந்த பந்தை விக்காரியோ கோட்டைவிட்டார். யுனைடெட்டின் ஹொய்லண்ட் தலையால் முட்டினார். காலியான கோலை நோக்கிப் பந்து வளைந்து போகிறது. அந்த இடத்தில் படம் நின்றுவிட்டது.

17 வருஷம் கோப்பை இல்லாத கிளப்புக்குப் பந்து கோல் வாசலில் அந்தரத்தில் நிற்கிறது. போனைக் கண்ணாடிக்கு வெளியே நீட்டினேன். காரிலிருந்து இறங்கி, பாறை மேல் ஏறி, கையை மேலே தூக்கிப் பார்த்தேன். வளையம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அன்று செல்சி மேட்ச்சில் தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்த அதே வான் டி வென், ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு கோல் கோட்டின் மேலேயே, ஆஞ்சின் டீமில் எந்தத் தற்காப்பு ஆட்டக்காரனும் நிற்கக் கூடாத இடத்தில், அந்தரத்தில் பாய்ந்து பந்தை வெளியே உதைத்தார் என்பதெல்லாம் மறுநாள் பார்த்துத் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்தது வளையம் மட்டும்தான்.

போன் அதிர்ந்தது. செவ்வாய்ப்பேட்டை. முன்னதைவிட மோசமான கெட்ட வார்த்தை. பாறையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.