காஞ்சியை மதியத்துக்கு வைக்காதீர்கள்
சென்னையிலிருந்து காரும் கைடும் வைத்துக்கொண்டு காலையில் மாமல்லபுரம், சாப்பிட்டுவிட்டு காஞ்சிபுரம் என்று இங்கே வந்த ஒருநாள் பயணக் கட்டுரை போடும் வரிசைதான் இடிக்கிறது. காஞ்சிக் கோயில்களில் உச்சிவேளைக்கு நடை சாத்தினால் நாலு மணி வாக்கில்தான் திறப்பார்கள். இரண்டு மணிக்குப் போய் இறங்கினால் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கலாம், அவ்வளவுதான். அந்த இடைவெளியில் டிரைவர் தனக்குத் தெரிந்த பட்டுக்கடைக்கு வண்டியைத் திருப்புவார். எங்களுக்கும் அதுதான் நடந்தது. மாமல்லபுரமோ தொல்லியல் துறை வசம் இருப்பது, மதியத்தில் மூடாது. அதனால் விடியற்காலையே கிளம்பி முதலில் காஞ்சி, பிறகு செங்கல்பட்டு வழியாகக் கடற்கரைக்கு வருவதே சரி. அங்குள்ள அர்ச்சுனன் தபசு கிழக்குப் பார்த்த பாறைச் சிற்பம், காலை வெயிலில்தான் எடுப்பாகத் தெரியும். அந்த நஷ்டம் உண்டு, மறுக்கவில்லை. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் ‘கைடு வீண்செலவு’ என்கிறார். கடற்கரைக் கோயிலுக்கு வேண்டுமானால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காஞ்சி வைகுண்டப் பெருமாள் கோயில் திருச்சுற்றில் பல்லவர் வரலாறே வரிசையாகச் செதுக்கியிருக்கிறது. கிளை மரபிலிருந்து கூட்டிவந்த சிறுவன் இரண்டாம் நந்திவர்மனாக முடிசூடும் இடத்தை யாராவது தொட்டுக் காட்டாமல் நாமாகக் கண்டுபிடிப்பது கஷ்டம். முன்பதிவு செய்யும்போதே சுற்றுலாத் துறை உரிமம் உள்ள கைடா, பட்டுக்கடை நிறுத்தம் உண்டா என்று கேட்டுவிடுங்கள்.