எலிக்குச் செய்த நானோ மருந்தைக் கணவாய்க்கு ஏற்றாதீர்கள்

"எலியின் நரம்பை வளர்க்கும் நானோ துகளைப் பேய்க்கணவாய்க்கும் (ஆக்டோபஸ்) ஊசி போட்டுப் பார்த்தால் என்ன?" என்று கேட்பவர்கள், முதலில் அதைக் கொஞ்சம் கடல்நீரில் விட்டுப் பாருங்கள்.

சிட்ரேட் பூசிய தங்கத் துகள் கரைசல் நல்ல சிவப்பாக இருக்கும். கடல்நீர் பட்டதும் ஊதாவாகி, நீலம் பாய்ந்து, அடியில் படிந்துவிடும். பால் திரிகிற மாதிரிதான். துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் தடுப்பது மேற்பரப்பு மின்சுமை. லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள நீரில் அதன் வீச்சு சுமார் 0.4 நானோமீட்டருக்குள் சுருங்கிவிடுகிறது. மின்சுமையை நம்பாமல் பாலிமர் இழை போர்த்திய துகள்தான் தாக்குப்பிடிக்கும். கலந்த உடனே, 1 மணியில், 24 மணியில் என்று மூன்று முறையாவது துகளின் பருமனை அளந்து பாருங்கள்.

எலிக்கு வழக்கமாகப் பயன்படும் உப்புக் கரைசலான பாஸ்பேட் சலைனில் துகளைக் கலப்பது அடுத்த தவறு. கணவாய் ரத்தம் கிட்டத்தட்ட கடல்நீர் அளவுக்கே உப்பானது. சலைன் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. போதாததற்குப் பாஸ்பேட், கால்சியத்தோடு சேர்ந்து கலங்கும். வடிகட்டிய கடல்நீரே போதும்.

சோதனைக்குப் பேய்க்கணவாயின் மேன்டில் (பை போன்ற உடல் பகுதி) நரம்பு அருமையான இடம். இடம், வலம் என இரண்டு உண்டு. ஒன்றை நசுக்கினால் மேன்டிலின் அந்தப் பாதி மட்டும் வெளுத்துவிடும். தோலிலுள்ள நிறப்பைகளை விரிக்கும் கட்டளை மூளையிலிருந்து வராது. மறுபாதி வழக்கம்போல் நிறம் மாற்றிக்கொண்டிருக்கும். நரம்பு திரும்ப இணைந்ததா என்பதைத் தோலே சொல்லிவிடும்!

மயக்கத்துக்கு மெக்னீசியம் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட் 75 கிராமை 1 லிட்டர் நன்னீரில் கரைத்து, சம அளவு கடல்நீர் சேர்ப்பார்கள். நீரற்ற உப்பை அதே எடையில் போட்டால் செறிவு இரட்டிப்புக்கும் மேல் ஏறிவிடும். டப்பாவின் லேபிளைப் படிக்காததால் வரும் வினை இது. மெக்னீசியம் நரம்புச் சந்திகளை அடக்கும் என்பதால், மயக்கம் முழுக்கத் தெளியும்வரை தோல் நிறத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது.

ரத்தத்துக்குள் போன துகள் மேல் ஹீமோசயனின் என்ற ரத்தப் புரதம் ஒட்டும், ரத்த அணுக்கள் விழுங்கும். அதே அணுக்கள் காயத்திலும் கூடுவதால், "மருந்து நரம்புக்குப் போய்விட்டது" என்று துகளில் ஏற்றிய ஒளிரும் சாயத்தை வைத்து மட்டும் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். கசிந்த சாயமும் அப்படியே ஒளிரும். வெறும் துகள், வெறும் மருந்து, வெறும் சாயம், வெறும் கடல்நீர் நான்கும் ஒப்பீட்டில் இருக்க வேண்டும்.

வெப்பநிலையைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். 37 டிகிரியில் சில வாரங்களில் சிதையும் பிஎல்ஜிஏ (மருந்தைச் சுமக்கும் ஒரு பாலிமர்), 18 டிகிரித் தொட்டியில் மிக மெதுவாகவே சிதையும். "மருந்து வேலை செய்யவில்லை" என்று எழுதுமுன், அது துகளைவிட்டு வெளியே வந்ததா என்று அதே 18 டிகிரியில் அளந்து காட்டுங்கள்.