வட்டத்தில் ஒரு ஆளுக்கு இடம் விடுங்கள்

முதல் முறையாக ஒரு டெக் கான்ஃபரன்ஸுக்குப் போனபோது, காலை இடைவேளை முழுக்க ஒரு தூணோரம் நின்று, வராத மெசேஜைப் படிப்பதுபோல போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றிலும் நாலைந்து பேராக வட்டம் வட்டமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள், வெளியே நின்ற எனக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகள்தான். ஒரு வட்டத்தில் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் பற்றிப் பேச்சு. என் அன்றாட வேலையே அதுதான். பக்கத்தில் போய் நின்றேன், யாரும் நகரவில்லை, சரி என்று திரும்பி வந்துவிட்டேன். அப்புறம் ஒருவர் தானாக வந்தார். அவர் முதலில் பார்த்தது கழுத்தில் தொங்கிய பேட்ஜை. கம்பெனி பெயர் பிடிபடவில்லை போல, "ரெக்ரூட்டிங் பக்கமா நீங்க?" என்றார். இல்லைங்க, டேட்டாபேஸ் இன்ஜினியர் என்றேன். "ஓ, சூப்பர்" என்று சொல்லும்போதே அவர் கண் என் தோளுக்குப் பின்னால் வேறு யாரையோ தேடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் அங்கே இன்ஜினியராக வந்திருக்கலாம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

பல வருஷம் ஆகிவிட்டது. மேடையேறிப் பேசியும் ஆயிற்று. ஆனாலும் எந்தக் கான்ஃபரன்ஸுக்குப் போனாலும் அந்த மாதிரி ஒரு தூணோரம் யாராவது ஒருவர் நிற்பதைப் பார்க்கிறேன்.

"டெக் ஆட்களே கூச்ச சுபாவம், அப்படித்தான் இருப்பாங்க" என்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. கூச்சப்படுகிறவர் தூணோரம் நிற்கிறார், வட்டத்துக்குள் சிரித்துப் பேசுகிறவர்களுக்கு என்ன கூச்சம்? மேடைப் பேச்செல்லாம் பெரும்பாலும் யூடியூபில் வந்துவிடுகிறது. லீவு போட்டு, டிக்கெட் எடுத்து நேரில் போவதே தாழ்வாரத்தில் நடக்கும் பேச்சுக்காகத்தான், ஹால்வே டிராக் என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு. வேலை கிடைப்பது, யாரும் பங்களிக்கக்கூடிய ஓப்பன் சோர்ஸ் புராஜெக்டில் சேர்வது, மாதக்கணக்கில் மண்டையைக் குடைந்த ஒரு புரோகிராம் பிழைக்கு வழி தெரிவது எல்லாம் அங்கேதான். அங்கே இடம் கிடைக்காதவர் வீட்டிலேயே வீடியோ பார்த்திருக்கலாம்.

மென்பொருளுக்கு விளக்கக் குறிப்பு எழுதுகிறவர்களுக்கான ரைட் தி டாக்ஸ் கான்ஃபரன்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான எரிக் ஹோல்ஷர் 'பாக்மேன் விதி' என்று ஒன்றை எழுதினார். கூடி நிற்கும்போது வட்டத்தை மூடாதீர்கள், பழைய வீடியோ கேமில் வரும் வட்டமான பாக்மேன் வாயைத் திறந்திருப்பதுபோல ஒரு ஆள் நுழைய இடம் விடுங்கள். ஒருவர் வந்ததும் மறுபடி நகர்ந்து அடுத்தவருக்கு இடம் விடுங்கள். அவ்வளவுதான். என் பங்குக்கு ஒன்று சேர்க்கிறேன்: வந்தவரிடம் என்ன பேசிக்கொண்டிருக்கிறோம் என்று ஒரு வரி சொல்லுங்கள். அது தெரியாமல் அரைமணி நேரம் தலையாட்டிக்கொண்டு நிற்பது தூணோரம் நிற்பதைவிடக் கஷ்டம்.

மாற்ற முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். பைதான் என்ற புரோகிராமிங் மொழிக்காக வட அமெரிக்காவில் நடக்கும் பைகான் கான்ஃபரன்ஸில் 2011-ல் பெண்கள் கொடுத்த மேடைப் பேச்சு 1 சதவீதம்தான். 2012-ல் 7, 2013-ல் 15, அடுத்த இரண்டு வருஷமும் 33, 2016-ல் 40. தானாக நடந்ததில்லை இது. ஏற்பாட்டாளர்கள் ஒவ்வொருவராகத் தேடிப் போய், நீங்கள் பேசுங்கள், புரபோசல் எழுத உதவுகிறோம் என்று கேட்டார்கள். கான்ஃபரன்ஸில் ஒருவரிடம் ஒருவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் நடத்தை விதிகளும் அப்படித்தான். பைதான் மென்பொருள் அறக்கட்டளை, அந்த விதிகள் இருக்கும் கான்ஃபரன்ஸுக்குத்தான் ஸ்பான்சர் செய்வோம் என்று 2012-ல் முடிவெடுத்தது. ஆனால் வெப்சைட்டில் பக்கம் இருந்தால் மட்டும் போதாது. ராத்திரி பார்ட்டியில், காதைப் பிளக்கும் சத்தத்தில், குடித்துவிட்டு ஒருவர் எல்லை மீறினால் எந்த நம்பருக்குக் கூப்பிடுவது, யார் எடுப்பார் என்று வந்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ராத்திரி சந்திப்பு என்றாலே மதுவும் சத்தமும்தான் என்று ஏன் வைத்திருக்கிறோம் என்பதும் எனக்குப் புரிந்ததே இல்லை.

போன கான்ஃபரன்ஸில் ரெப்ளிகேஷன், அதாவது ஒரு டேட்டாபேஸை இன்னொரு சர்வரில் நகலாக (ரெப்ளிகா) வைத்திருப்பது பற்றி நாங்கள் நாலு பேர் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் கொஞ்சம் தள்ளி, கையில் ஆறிப்போன காபியோடு நின்றான். நகர்ந்து, "வாங்க, ரெப்ளிகா ஏன் பின்தங்குதுன்னு பேசிட்டிருக்கோம்" என்றேன். காலேஜ் முடித்து ஆறு மாதம்தான் ஆகிறதாம். கொஞ்ச நேரம் வாயே திறக்கவில்லை. அப்புறம் மெதுவாக ஒரு கேள்வி கேட்டான், எங்கள் நாலு பேரிடமும் பதில் இல்லை. மதியம் இரண்டு செஷனை விட்டுவிட்டு, தரையிலேயே உட்கார்ந்து அவன் லேப்டாப்பைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.